ஒன்பது இலக்க மாமனார்

எண்ணைக் கண்டால் தாண்டிப் போக முடியாத மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அநேகமாக இந்த நேரம் அவர் யாரோ ஒருவரின் மோட்டார்சைக்கிளுக்குப் பின்னால் நின்று, இலக்கத் தகட்டைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். சைக்கிள்காரர் அவரைக் கண்டு, ஏதோ மந்திரம் ஓதுகிறார் என்று பயந்திருப்பார். பயப்பட வேண்டியதில்லை. பதின்மூன்றால் வகுத்துப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

உங்களுக்கும் எனக்கும் எண் என்பது வேறோர் இடத்துக்குப் போகிற வழி. தொலைபேசி இலக்கத்தைக் கேட்பது பிறகு கதைப்பதற்கு; ஆஸ்பத்திரியில் துண்டு எடுப்பது எப்போது கூப்பிடுவார்கள் என்று அறிவதற்கு. இந்த இனத்தவர் அந்த வழியால் எங்கும் போகமாட்டார், வழியிலேயே குந்திவிடுவார். வைத்தியரிடம் போன இடத்தில் அவருக்கு முப்பத்தேழாம் துண்டு கிடைத்தது என்று வையுங்கள். உள்ளேயிருந்து முப்பத்தேழைக் கூப்பிடுவார்கள், ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை, அவர் எழும்பமாட்டார். முப்பத்தேழை மூன்றால் பெருக்கினால் நூற்றுப் பதினொன்று வருகிற அதிசயத்தைப் பக்கத்தில் இருமிக்கொண்டிருக்கிற மனிதருக்கு விளக்கிக்கொண்டிருப்பார். இருமல்காரருக்கு முப்பத்தெட்டாம் துண்டு. அவர் முந்திப் போய்விடுவார்.

இவரை எண்சோதிடக்காரரோடு சேர்த்துவிடாதீர்கள். அந்த ஆளைக் கண்டால் இவருக்கு ஆகாது. எண் அதிர்ஷ்டம் தரும், எண் கலியாணத்தைக் குழப்பும், பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் கடை ஓடும் என்பதெல்லாம் இவருக்கு வெறுப்பான கதைகள். எண்ணிடம் எதையும் எதிர்பார்க்கக்கூடாது என்பது இவருடைய கொள்கை. "நம்பரப் பாத்து நடக்கிறதுதான் ஹறாம், நம்பரச் சும்மா பாக்கிறது ஹலால்" என்று ஒருமுறை மௌலவியிடமே சொல்லி, மௌலவியை யோசிக்க வைத்தவர். லொறியின் முகப்பில் பயபக்தியோடு 786 என்று எழுதி வைத்திருந்த ஒருவரிடம் போய், அதை ஆறால் வகுத்தால் நூற்று முப்பத்தொன்று வரும், அதற்குமேல் எதாலும் பிரிக்க ஏலாது என்று சொன்னார். லொறிக்காரர் இறங்கி வந்தார். நல்லவேளை, பக்கத்துக் கடைக்காரர்கள் இருந்தார்கள்.

இனத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் உங்களுக்குப் பிடிபடாது. ஓர் ஆளைக் காட்டுகிறேன். பெயர் முகைதீன்பாவா. கல்முனைக்குடியில், கடற்கரைப் பக்கத்து வீதியொன்றில் குடியிருப்பு. கந்தோர் ஒன்றில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆகவே அக்கம்பக்கத்து ஆக்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது அவர்தான். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, ஓய்வூதியம், எதுவானாலும் அவரிடம்தான் வரும். வந்தது நன்றாகவே நிரம்பிப் போகும். ஆனால் நிரப்பி முடித்ததும் அவர் பேனையைக் கீழே வைக்கமாட்டார். உங்கள் காணி உறுதியின் இலக்கம் இரண்டு வர்க்க எண்களின் கூட்டுத்தொகை என்று சொல்வார். நீங்கள் அந்தக் காணிக்கு அண்ணன் தம்பியோடு கோட்டில் நிற்பவராக இருப்பீர்கள். அவர் சொன்னது வழக்குக்கு நல்லதா கெட்டதா என்று கேட்பீர்கள். அவர் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

சந்திக்குப் போக அவருக்கு ஒரேயொரு ஓட்டோதான் சரிவரும். அதன் இலக்கம் 2520. ஒன்றிலிருந்து பத்துவரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் பிரியக்கூடிய ஆகச் சிறிய எண் அதுதானாம். அந்த ஓட்டோவுக்குப் பிறேக் பிடிக்காது என்பது ஊரறிந்த விசயம். இரண்டு தடவை வாய்க்காலுக்குள் இறங்கியிருக்கிறார். மூன்றாவது தடவைக்கும் அதையே கூப்பிட்டார்.

மகள் ஸம்றா உயர்தரப் பரீட்சைக்குப் போன அன்று காலை, எல்லா வாப்பாமாரும் செய்வதுபோலத் தலையில் கைவைத்து ஓதி ஊதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மகள், ஒங்கட பரீட்சச் சுட்டெண் பதினொண்டால பிரியிது, பயப்படாதீங்க" என்றார். அந்தப் பிள்ளை உயிரியல் வினாத்தாளுக்கு முன்னால் இருந்துகொண்டு, பிரிகிறதா என்று வகுத்துப் பார்த்து அரைமணித்தியாலத்தைத் தொலைத்தது. பிரிந்ததாம்.

மையத்து வீட்டிலாவது அடங்கி இருப்பாரா? தகப்பனைப் பறிகொடுத்த மனிதர் ஒருவர் வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்து, வாப்பாவுக்குத் தொண்ணூற்றொரு வயது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நிறைஞ்ச ஹயாத்து என்றார்கள். இவர் மட்டும் அவருடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "தொண்ணூத்தொண்டப் பாத்தா எதாலயும் பிரியாத மாதிரித்தான் இரிக்கும். ஏமாந்திராதீங்க. ஏழும் பதின்மூண்டும்" என்றார். அந்த மனிதர் இன்றைக்கும் இவரைக் கண்டால் வீதிக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்.

இதுவரை சிரித்தீர்கள். நானும் சிரித்திருக்கிறேன். யாருக்கும் சேதமில்லாத கிறுக்கு என்றுதான் ஊரும் நினைத்தது. சேதம் அவருடைய மாமனாரில் வந்து நின்றது.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் கரையின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். மகளுக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார். கொடுத்த பிறகு நடு மண்டபம் மருமகனுக்கு, விறாந்தை வாப்பாவுக்கு. கோழி அறுத்தால் ஈரல் மருமகனுக்கு. மருமகனிடம் மாமனார் எதையும் நேரே கேட்கமாட்டார். குறை சொல்வதென்பது கனவிலும் இல்லை. சொல்லவேண்டியது முதலில் மகளிடம் போகும். மகள் அதைத் தேவைக்கேற்றபடி சூடாக்கியோ ஆறவைத்தோ புருசனிடம் கொடுப்பாள். முகைதீன்பாவாவின் மனைவி றபீக்காவுக்குச் சூடாக்குவதுதான் கைவந்தது.

றபீக்காவின் வாப்பா இப்றாஹிம், எண்பத்தாறு வயது. ஒரு காலத்தில் வயல் செய்தவர். மனைவி போன பிறகு மகளோடுதான், விறாந்தையில் ஒரு கட்டில். அவருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது ஓர் ஆசை: மக்காவுக்கு உம்றாப் பயணம் போய் வருவது. ஊரிலிருந்து ஒரு குழு நோன்புக்கு முன்னம் புறப்படுவதாக இருந்தது. அடுத்த வருசம் போகலாமே என்று யாராவது சொன்னால், "முழங்கால் இந்த வருசம் சொல்லுக் கேக்கிது. அடுத்த வருசத்துக்கு அது பொறுப்பெடுக்கல்ல" என்பார். வைத்தியரும் அதையேதான் வேறு சொற்களில் சொல்லியிருந்தார்.

உம்றாவுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குத் தெளிவான அடையாள அட்டை வேண்டும். இப்றாஹிமின் அட்டையோ, வயல்வட்டைக்குப் போகும்போதும் வரும்போதும் சோதனைச் சாவடிகளில் நீட்டி நீட்டித் தேய்ந்து, சுனாமியில் உப்புத்தண்ணீர் குடித்து, படத்தில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மழைமேகத்தை வைத்துக்கொண்டிருந்தது. இலக்கம் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. ஆகவே கிராம சேவகரிடம், ஊர்ப் பேச்சில் ஜீ.எஸ்.ஸிடம், விண்ணப்பம் கொடுத்துப் புதிய அட்டை எடுக்கவேண்டும். வேலையை மகள், வழக்கப்படி, வீட்டிலுள்ள பிரதம லிகிதரிடம் ஒப்படைத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விண்ணப்பத்தை விரித்தார். பழைய அட்டையைப் பார்த்து இலக்கத்தை எழுதத் தொடங்கினார். 381654729. கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து, அதை விடுங்கள். எழுதி முடித்தவர் பேனையை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார். குடிக்கச் சாயத் தண்ணி கொண்டுவந்த றபீக்காவிடம், கதவைச் சாத்தச் சொன்னார்.

என்ன கண்டார்? ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எல்லா இலக்கமும் அதில் ஒவ்வொரு தடவை வந்திருக்கிறது, அது முதலாவது. ஆனால் அது பெரிய காரியமல்ல. முதல் இரண்டு இலக்கத்தை எடுங்கள்: முப்பத்தெட்டு, இரண்டால் பிரியும். முதல் மூன்றை எடுங்கள்: முந்நூற்று எண்பத்தொன்று, மூன்றால் பிரியும். முதல் நான்கு, 3816, நான்கால் பிரியும். முதல் ஐந்து ஐந்தால், முதல் ஆறு ஆறால், முதல் ஏழு ஏழால், முதல் எட்டு எட்டால். முழுவதும் ஒன்பதால். எங்கும் மீதி ஒரு துளி இல்லை. ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள இலக்கங்களை ஒவ்வொரு தடவை மட்டும் வைத்து மூன்று இலட்சத்து அறுபத்திரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது விதமாக அடுக்கலாம். அத்தனை அடுக்கிலும் இந்தக் குணம் உள்ளது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று, நாட்டில் இத்தனை கோடிப் பேர் இருக்க, அவருடைய மாமனாரின் இடுப்புப் பட்டிக்குள் இவ்வளவு காலம் வெற்றிலைக் காம்போடு கிடந்திருக்கிறது.

மனிதர் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. மாமனாரைப் பார்த்த பார்வையும் மாறிவிட்டது. அதுவரை அவர் விறாந்தையில் இருக்கிற ஒரு நல்ல மனிதர். இப்போது அவர் ஒன்பது இலக்கத்தைச் சுமக்கிற பாத்திரம்.

சந்தோசம் அடுத்த நாள் பகல்வரைதான். புதிய அட்டைகளில் இலக்கம் பன்னிரண்டாக மாறிவிடுகிறது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. முன்னால் பிறந்த வருசத்தின் பத்தொன்பது வந்து ஒட்டும். நடுவில் ஒரு பூச்சியம் வந்து குந்தும். 193816504729. பத்தொன்பது இரண்டால் பிரியாது. இரண்டாம் படியிலேயே கால் முறிந்தது.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஒரு பெருமூச்சு விட்டு விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுப்போம். இனத்தவர் அப்படிச் செய்வாரா?

முதலில் பழைய அட்டைக்கு வைத்தியம் பார்த்தார். பாண்டிருப்பில் படக்கடை வைத்திருக்கிற பிரசாந்திடம் கொண்டுபோய், இந்த மேகத்தைக் கொஞ்சம் முகமாக்கித் தர முடியுமா என்று கேட்டார். பிரசாந் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இரண்டு விரலால் திருப்பிக் கொடுத்தான். "சேர், இது படக்கட வேலயில்ல. இதச் செஞ்சா நீங்க பென்சனோடயும் நான் கமெராவோடயும் உள்ளுக்குப் போவம்" என்றான்.

வைத்தியம் பலிக்கவில்லை என்றதும் தாமதத்தைத் தொடங்கினார். கந்தோரில் வாழ்நாளைக் கழித்தவருக்குத் தாமதிக்கத் தெரியாதா? மாமனாரைப் புதிய படம் எடுக்க அனுப்பினார். வந்த படத்தில் காது சரியாகத் தெரியவில்லை என்றார். எண்பத்தாறு வயது மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடி ஓட்டோவில் பாண்டிருப்புக்குப் போனார். இந்தத் தடவை காது தெரிந்தது, நாடி சற்று உயர்ந்துவிட்டது என்றார். மறுபடி போனார். மூன்றாம் படத்தில் குறை கண்டுபிடிக்க முடியாமல், முகத்தில் சந்தோசம் காணாது என்று சொல்லி அனுப்ப, பிரசாந் தொலைபேசியில் எடுத்து, "சேர், ஐடென்டிக்கு ஆரும் சந்தோசமா நிக்கிறல்ல. அந்த மனிசனப் பாத்தா எனக்குப் பாவமா இரிக்கி" என்றான்.

மாமனார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழுவோடு போகிற சிநேகிதர்கள் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விசாரித்தால், "மருமகன் பாக்கிறாரு" என்பார். கட்டாயம் சரிவருமா என்றால், "மருமகன் பாக்கிறாரெண்டா நான் என்னத்துக்குப் பாக்க" என்பார். பெயர் கொடுத்தவர்களின் கடவுச்சீட்டுகளைக் குழுக்காரர் வாங்கத் தொடங்கியிருந்தார். அந்த மாதக் கடைசிக்குள் கொடுக்காதவருடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பள்ளிவாசல் படியில் எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்போது விசயம் வெளியே வந்தது. கிராம சேவகர் இப்றாஹிமைக் கண்டு ஸலாம் சொல்லி, "மாமா, உம்றாவுக்குப் போற எல்லாரும் புது ஐடென்டிக்கு விண்ணப்பப் போம் எப்பவோ தந்திட்டாங்க. நீங்க போற யோசின இல்லயா?" என்று கேட்டார். கிழவர் ஒரு செருப்பைப் போட்டபடி அப்படியே நின்றார். சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். மருமகன் சற்றுத் தள்ளி, தன் செருப்பைக் கண்டும் காணாததுபோல் தேடிக்கொண்டிருந்தார்.

"ஓம் மகன், நான்தான் மறந்து போனன். வயசு போயிட்டுத்தானே" என்றார் இப்றாஹிம்.

இந்த ஊரில் செய்தி செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஆண்கள் வீடு வருமுன் றபீக்காவின் காதுக்கு அது வந்துவிட்டது. சோறு போட்டாள். வாப்பா சாப்பிட்டு விறாந்தைக்குப் போகும்வரை பொறுத்தாள். பிறகு புருசனின் சோற்றுக் கோப்பையை எடுக்காமல் முன்னால் நின்றாள்.

"இஞ்ச பாருங்க. வாப்பாட போம் எங்க?"

"இரிக்கி."

"இரிக்கிறது தெரியும். ஜீ.எஸ்.ட கையில ஏன் இல்ல?"

பிடிபட்ட மனிதர் பொய் சொல்வார் என்று நினைப்பீர்கள். இந்த இனத்துக்கு அந்தத் திறமை இல்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல, முழுக்கதையையும் சொன்னார். முப்பத்தெட்டில் தொடங்கி ஒன்பதால் பிரிகிறவரை வந்து, புதிய அட்டை எடுத்தால் அத்தனையும் அழிந்துபோகும் என்றார். குரல் தழுதழுத்தது. அவருடைய உம்மா போனபோதுகூட அவர் அப்படிக் கதைத்ததில்லை என்று றபீக்கா பிறகு சொன்னாள்.

"அழிஞ்சா?" என்றாள்.

"அழிஞ்சா... ஏழால பிரியாது."

"ஏழால பிரியிதெண்டு எங்கட வாப்பாவ ஊட்டுக்க மறிச்சி வெச்சிரிக்கிங்களா?"

ஒரு கேள்விக்குள் ஒரு மனிதனின் வாழ்க்கையை மடித்து வைக்கமுடியும் என்றால், அன்று அது நடந்தது. முகைதீன்பாவா பதில் சொல்ல வாயெடுத்தார். றபீக்காவின் குரல் உயரத் தொடங்கியது. அப்போது விறாந்தையிலிருந்து செருமல் கேட்டது. கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார். மருமகன் இருக்கும்போது அவர் மண்டபத்துக்குள் வருவதில்லை. வந்து, ஒரு கதிரையின் நுனியில் இருந்தார்.

"புள்ள, சத்தம் போடாத. மருமகன் ஒரு வெசயத்துக்காகத்தான் செஞ்சிரிப்பாரு" என்றார். பிறகு மருமகனைப் பார்த்து, "எனக்கும் ஒருக்காக் காட்டுங்களன்" என்றார்.

வேறொருவர் என்றால் நிலத்தைப் பிளந்து உள்ளே போயிருப்பார். இவருடைய முகம் மலர்ந்தது. கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஒன்பது இலக்கத்தையும் பெரிதாக எழுதினார். கிழவர் குனிந்து கவனமாகப் பார்த்தார். இரண்டு, மூன்று, நான்கு என்று வந்தது. ஐந்தாம் இடத்தில் அவரே, கடைசியில் ஐந்து நிற்கிறபடியால் பிரியத்தானே வேண்டும் என்றார். மருமகன் பூரித்துப்போனார். ஏழால் வகுத்துக் காட்டும்போது அவருக்கு வியர்த்தது. ஏழுக்குச் சுருக்குவழி கிடையாது, நீட்டித்தான் வகுக்கவேண்டும். மீதி சைபர் என்று வந்தபோது பேனை தாளைக் கிழித்துவிட்டது.

"நல்ல நம்பர்தான்" என்றார் கிழவர். "இத்தன வருசம் சாவடியில நீட்டிக்கிட்டு நிண்டன். ஒருத்தனும் சொல்லல்லயே."

"அவங்களுக்கு விளங்கா மாமா."

"ஓம், விளங்காதுதான்." கிழவர் தாளைத் திருப்பி அன்றைய தேதியைப் பார்த்தார். "ஆனா மருமகன், கபுறுல மலக்கு வந்து 'மன் றப்புக்க' எண்டுதானே கேப்பாரு. நம்பரக் கேட்டா எனக்கு இனிமே சொல்ல ஏலும்."

கபுறில் வைத்த மனிதனிடம் வானவர் வந்து உன் இறைவன் யார் என்று கேட்பார் என்பது எங்கள் பிள்ளைகளும் அறிந்த விசயம். றபீக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முகைதீன்பாவாவுக்கு ஒன்றும் வரவில்லை. ஒருவருக்குக் கொடுத்த இலக்கத்தை அவர் மவுத்தான பிறகும் இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டார்கள், ஆகவே இது தொலைந்தால் தொலைந்ததுதான் என்று விளக்கத் தொடங்கினார்.

கிழவர் முழுவதையும் கேட்டார். இடையில் குறுக்கிடுவது மரியாதையில்லை. கேட்டு முடிந்ததும் கதிரையிலிருந்து மெதுவாக எழும்பினார். "அது ஒங்களுக்கு அவ்வளவு பெரிசெண்டா, நான் போகல்ல மருமகன். நிக்கிறன். இஞ்ச இரிந்து ஓதினாலும் அல்லாஹ் கேப்பான்தானே" என்றார்.

கோபத்தில் சொன்னதா? இல்லை. குத்திக்காட்டியதா? அதுவும் இல்லை. அதுதான் பொல்லாத இடம். ஈரலை மருமகனின் கோப்பையில் வைப்பது போலத்தான் அந்த மனிதர் அதை எடுத்து வைத்தார்.

முகைதீன்பாவாவின் உதடு அசைவது நின்றது. விசயம் தெரிந்தவர்களுக்கு அது பெரிய செய்தி. அவர் மாமனாருடைய முழங்காலைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு விறாந்தைக்குத் திரும்பிப் போகிறவரைக்கும் பார்த்தார். சூடாக்குவதற்கு றபீக்காவுக்கு அதில் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு வெளியே வந்த கிராம சேவகர், தன் வீட்டு வாசலில் முகைதீன்பாவா கையில் விண்ணப்பத்தோடு நிற்பதைக் கண்டார். அன்றே பிரதேச செயலகம், அடுத்த நாள் இன்னோர் இடம். தாமதிக்கத் தெரிந்த மனிதருக்குத்தான் தாமதத்தை உடைக்கவும் தெரியும். எந்த மேசையில் எது படுத்துக் கிடக்கும் என்பது அவருக்குக் கைரேகை. அட்டை வந்தது. அட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கடவுச்சீட்டு வந்தது. குழுக்காரர் கதவைச் சாத்துவதற்கு முன் கிழவரின் பெயர் உள்ளே போயிற்று.

அட்டை வந்த அன்று வீடே அதை வாங்கி வாங்கிப் பார்த்தது. ஸம்றா, மூத்தவாப்பா மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்றாள். முகைதீன்பாவா மட்டும் படத்தைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு இலக்கத்தையும் ஒருமுறை வாசித்தார். நெருங்கிய சொந்தக்காரரின் மையத்தைப் பார்த்தவர்போலத் திரும்பிப் போனார். அடுத்து வந்த நாட்களில் ஓட்டோக்களின் இலக்கத்தைக்கூட அவர் பார்க்கவில்லை என்று சொல்கிறார்கள். பிறேக் உள்ள ஓட்டோவில் ஏறிச் சந்திக்குப் போனாராம். ஊர் கவலைப்பட்டது.

இனத்தை அறியாத ஊர். இந்த இனத்துக்கு நிரந்தரமான துக்கம் என்பதே இல்லை. காரணம் எளிது: எந்தக் குணமும் இல்லாத எண் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அப்படி ஒன்று இருந்துவிட்டால், ஒரு குணமும் இல்லாத எண் என்ற அந்தக் குணத்துக்காகவே இவர்கள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிவார்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வான் புறப்பட இருந்தது. வீதி நிறைய ஆக்கள். உம்றாவுக்குப் போகிறவரைக் கட்டிப்பிடித்து, எனக்குத் துஆச் செய்யுங்கள், என் மகனின் வேலைக்குத் துஆச் செய்யுங்கள், என் இடுப்பு வலிக்குத் துஆச் செய்யுங்கள் என்று ஒவ்வொருவரும் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிழவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, யன்னலோரம் ஏறி இருந்தார். றபீக்கா தொதல் பொட்டலத்தைக் கொடுத்தாள். வான் உறுமத் தொடங்கியது. அப்போது முகைதீன்பாவா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"மாமா, கூட்டிப் பாத்தன்" என்றார்.

"என்னத்த மருமகன்?"

"புது நம்பர. பன்னிரண்டையும் கூட்டினா அம்பத்தஞ்சி. ஒண்டுல இருந்து பத்து மட்டும் கூட்டினாலும் அம்பத்தஞ்சி. ஒண்டு, நாலு, ஒம்பது, பதினாறு, இருவத்தஞ்சி, அதுகளக் கூட்டினாலும் அம்பத்தஞ்சி."

கிழவர் யோசித்தார். "அப்ப இதுவும் நல்ல நம்பர்தானா?"

"நல்ல நம்பர் மாமா. நான் பிழையா நினைச்சிட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்."

சாரதி வானை மெதுவாக நகர்த்தினான். முகைதீன்பாவா கூடவே நடந்தார். ஓர் இலக்கம் சந்தேகமாக இருக்கிறது, நடுவில் பூச்சியத்துக்குப் பிறகு நாலா ஏழா முதலில் வருகிறது என்று ஒருக்காப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று யன்னலுக்குள் கையை நீட்டினார். கிழவரின் கை, அட்டை இருந்த இடுப்புப் பட்டிக்குப் போனது. போய், அதன் வாயை இறுக்கி மூடியது.

"இல்ல மருமகன்," என்றார், "இது எனக்கிட்டயே இரிக்கட்டும்."

அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து மாமனார் அவருக்கு மறுத்தது அது ஒன்றுதான். வான் பிரதான வீதிக்கு ஏறியது.

இனி உங்களிடம் வருகிறேன். வாசித்து முடித்துவிட்டு, எங்கள் பக்கத்திலும் இப்படி ஓர் ஆள் இருக்கிறார் என்று யாரையோ நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த ஒன்பது இலக்கத்தை எழுதியிருந்த இடத்தில் என்ன செய்தீர்கள்? முப்பத்தெட்டு இரண்டால் பிரியும் என்றபோது நம்பிக் கடந்தீர்கள். மூன்றை மனதால் பார்த்தீர்கள். ஏழுக்கு வந்ததும் கண் நின்றதா இல்லையா? தொலைபேசியைத் தேடினீர்களா? உள்ளே யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். வாறன் என்று சொல்லிவிட்டு, மீதி சைபர் வருகிறவரைக்கும் போகவில்லைத்தானே? பன்னிரண்டையும் கூட்டி ஐம்பத்தைந்து சரியா என்றும் பார்த்திருப்பீர்கள்.

சரிதான். அப்படியென்றால் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டிலுள்ளவர்களின் அட்டைகளை இன்றைக்கே அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.